மட்கார்டில் வந்த பொரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த தப்பில் பாதிதான் என்னுடையது. கால் பங்கு அம்மாவுடையது. மீதிக் கால் பங்கு சுண்டலுடையது.

சுண்டல் எப்படித் தப்புச் செய்யும் என்று இப்போதே கேட்காதீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் பஞ்சவர்ணம். எல்லோருக்கும் பஞ்சு. அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் வரிசையில் இருந்த மற்ற அப்பாக்கள் எல்லாம் சைக்கிளில் தொழிற்சாலைக்குள் போய் இரும்பு செதுக்குவார்கள், வெல்டிங் வைப்பார்கள். என் அப்பா துலுக்கானம் மட்டும் வெளியிலேயே இருப்பார். குவார்ட்டர்ஸில் முளைக்கும் புல் எல்லாம் அவர் பொறுப்பு.

புல் வெட்டுவது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பதினாறு வருஷம் அப்பா குனிந்தே அரிவாளால் அறுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். நான் அவர் முதுகின் மேல் ஏறி நடக்க வேண்டும்.

"மெதுவா கண்ணு... ஆங், அங்கதான்... அங்கயே நில்லு" என்பார்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஏறத் தொடங்கினேன். ஐந்தாம் வகுப்பு வந்தபோது நானும் கனத்துவிட்டேன், அப்பாவின் வலியும் கனத்துவிட்டது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில்தான் அந்த மெஷின் வந்தது. நீளமான குழாய். ஒரு முனையில் பெட்ரோல் என்ஜின். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் உறுமும். மறு முனையில் ஒரு உருண்டை, அதிலிருந்து நைலான் நரம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சுற்ற ஆரம்பித்தால் நரம்பு கண்ணுக்கே தெரியாது, புல் மட்டும் சாய்ந்து விழும். வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே வெட்டலாம்.

முதல் நாள் வேலை முடிந்து வந்த அப்பா தரையில் படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"பொன்னி, இன்னிக்கு நான் நிமிந்து நின்னுகினே வேலை செஞ்சேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பெயர் பொன்னியம்மா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். சாப்பிடும்போதும் சொன்னார்.

"சரிய்யா, கேட்டுட்டேன்" என்றாள் அம்மா. ஆனால் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

சூப்பர்வைசர் கோதண்டத்துக்கு மட்டும் மெஷினைப் பிடிக்கவில்லை. "பெட்ரோல் குடிக்குது, ஊரைக் கூட்டுது. விஜயதசமி வரைக்கும் பாப்பேன். சரியா வேலை நடக்கலேன்னு வெச்சுக்கோ, ஸ்டோருக்கே அனுப்பிடுவேன். அப்பால நீயாச்சு, உன் அருவாளாச்சு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

மெஷினைக் கையில் எடுத்தால் அப்பா ஆளே மாறிவிடுவார். முழுக்கால் சட்டை, பூட்ஸ், கண்ணில் பெரிய கண்ணாடி, காதில் பஞ்சு. (நான் இல்லை, நிஜப் பஞ்சு.) முதலில் குச்சியால் புல்லைத் தட்டிக்கொண்டே நடந்து கல், கம்பி, உடைந்த பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்கிக் கூடையில் போடுவார். அப்புறம் சுற்றிலும் இருபது தப்படி அளந்து, சுண்ணாம்பில் கோடு போடுவார்.

"இந்தக் கோட்டுக்குள்ள ஒரு ஆளு நின்னாலும் கயித்த இழுக்க மாட்டேன். யாரா இருந்தாலும் சரி" என்பார்.

ஒரு தடவை எங்கிருந்தோ வந்த எருமை ஒன்று கோட்டுக்குள் படுத்துக்கொண்டது. விரட்டியும் எழுந்திருக்கவில்லை. அது தானாக எழுந்து போகும்வரை அப்பா அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். இந்த எருமையை மறந்துவிடாதீர்கள். பிறகு வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுற்றுகிற நரம்புக்கும் அப்பாவின் காலுக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும். அரை நிலா வடிவம், ஓரம் மடித்தது, பச்சை நிறம். மெஷினோடு வந்த புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ, அப்பா வைத்த பெயர் மட்கார்டு. முதல் வாரத்திலேயே ஒரு கல் பறந்து வந்து 'டங்' என்று அதில் மோதியது. அப்பா மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தகட்டில் சின்னதாக ஒரு பள்ளம்.

"பாத்துக்கினியா? இது இல்லன்னா இந்தப் பள்ளம் என் காலு எலும்புல வுழுந்திருக்கும்."

அன்றிலிருந்து அப்பா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மட்கார்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

இப்படிப் பார்த்துப் பார்த்து இருந்த நானே அதில் பொரி கொடுத்தேன் என்றால் நம்புவீர்களா?

எங்கள் குவார்ட்டர்ஸில் ஆயுத பூஜை தீபாவளியைவிடப் பெரிது. சைக்கிளா, தையல் மெஷினா, அரிவாள்மணையா, எல்லாவற்றையும் கழுவி, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்துவிடுவார்கள். அப்பாவும் பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மட்கார்டைக் கழற்றித் தேய்த்து, பளபளவென்று சில்வர் பெயிண்ட் அடித்தார். அப்போது நான் பள்ளியில் இருந்தேன். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

பூஜை அன்று சாயங்காலம் அப்பா மெஷினை வீட்டின் நடுவில் சாய்த்து வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார். காய்ந்துவிட்ட மட்கார்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பொட்டு வைத்துப் பக்கத்தில் கிடத்தினார். அப்புறம் ஆபீஸ் பூஜைக்குப் போய்விட்டார்.

அம்மா வந்து பார்த்தாள். "ஏது இந்தத் தட்டு? உங்கப்பா வாங்கிகினு வந்தாரா? நல்லாத்தான் கீது."

"ஆமாம்மா, புதுசு மாதிரி கீது" என்றேன் நான்.

எங்கள் வீட்டில் இருந்ததே ஐந்து தட்டு. ஒன்றில் பழம், ஒன்றில் வெற்றிலை பாக்கு, ஒன்றில் என் புத்தகங்கள். மற்ற இரண்டிலும் வேறு என்னென்னவோ. பொரிக்குத் தட்டு இல்லை. அம்மா அந்தப் புதுத் தட்டில் வாழையிலையை விரித்தாள். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் கொட்டிக் குவித்தாள்.

ஏன் பாதித் தட்டாக இருக்கிறது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. அடியில் நாலு ஓட்டை இருந்தது. "கழுவினா தண்ணி வடியறதுக்கு வுட்டிருப்பான்" என்று அம்மா விளக்கம் சொன்னாள். பளபளவென்று ஒரு பொருள் வீட்டுக்கு வந்தால் அதைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

பூஜை முடிந்ததும், "போ, எல்லார் ஊட்டுக்கும் குடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பினாள்.

கடைசி வீடு ஜெகதாம்பாள் அத்தையுடையது. அவர்கள் திருநெல்வேலிப் பக்கம். அத்தையின் மகன் உத்தமன் என்னைவிட ஒரு வயது சின்னவன். அவனுக்கு உலகத்தில் இரண்டே விஷயம்தான் பிடிக்கும். ஒன்று கிரிக்கெட், இன்னொன்று சாப்பாடு.

"ஏட்டி பஞ்சு, தட்டை வச்சுட்டுப் போ. வெறுந்தட்டா எப்படிக் குடுக்க? சுண்டல் அடுப்புல கெடக்கு. வெந்ததும் உத்தமன்கிட்ட குடுத்து விடுதேன்" என்றார் அத்தை.

எங்கள் வரிசையில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். அதனால் நானும் சரி என்று கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் தட்டு ஞாபகமே இல்லை.

விடிந்தால் விஜயதசமி.

குவார்ட்டர்ஸ் பால்வாடிக்கு முன்னால் ஒரு மைதானம் உண்டு. புரட்டாசி மழையில் அங்கே புல் முட்டி உயரம் வளர்ந்துவிட்டது. போன வாரம் அதில் பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. அன்று பதினொரு மணிக்கு, முதன்முதலாக எழுத்து எழுதப் போகும் வாண்டுகள் எல்லாம் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அதற்குள் புல் வெட்டியாக வேண்டும் என்பது கோதண்டத்தின் உத்தரவு. பத்து மணிக்கு அவரே வந்து பார்ப்பார். அதுதான் மெஷினுக்கும் கடைசிப் பரீட்சை.

அப்பா விடிகாலையிலேயே போய்க் கல் பொறுக்கிக் கோடும் போட்டுவிட்டு, மெஷினை எடுக்க வீட்டுக்கு வந்தார்.

"பொன்னி, இங்க வெச்ச மட்கார்டு எங்க?"

"இன்னா மட்கார்டு?"

"அதான், சில்வர் பெயிண்ட் அடிச்சு, பொட்டு வெச்சு, மெஷினாண்ட வெச்சேனே!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஏன்பா," என்றேன் மெதுவாக, "அதுல நாலு ஓட்டை இருக்குமா?"

"ஆமா. நட்டு மாட்டற ஓட்டை."

"தண்ணி வடியறதுக்கு இல்லியா?"

அப்பா ஒன்றும் புரியாமல் முழித்தார். நான் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன்.

ஜெகதாம்பாள் அத்தை கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தார். "தட்டா? நேத்தே சுண்டலைப் போட்டு உத்தமன்கிட்ட குடுத்து விட்டுட்டேன்லா! ஏல உத்தமா, நீ பஞ்சு வீட்டுல குடுத்தியா இல்லியால?"

உத்தமன் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "குடுத்துட்டேனே."

"யாருகிட்ட குடுத்த?" என்றேன்.

"யாரும் இல்ல. வாசல்ல வெச்சேன்." டிராயரை மேலே இழுத்து விட்டுக்கொண்டான். "நாய் தூக்கிகினு போயிருக்கும்."

பொய் சொல்லும்போது உத்தமன் டிராயரை இழுத்து விட்டுக்கொள்வான். எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் எவ்வளவு கேட்டும் அவன் நாயையே பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை முட்டியது. தெரு முழுக்கத் தேடினேன். நாய்கள் இருந்தன, மட்கார்டு இல்லை.

மைதானத்துக்கு ஓடினேன். மணி ஒன்பதரை. அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அப்பா திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் சிரித்தார்.

"பொரி குடுக்க வேற தட்டே கிடைக்கலியா உங்களுக்கு? சரி, வுடு கண்ணு. ஒரு நாளு தானே. மட்கார்டு இல்லாமலே பாத்து ஓட்டிக்கிறேன்."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"வேணாம்பா! கல்லு வந்து கால்ல படும். நாளைக்கு வெட்டலாம்பா!"

"நாளைக்கு மெஷினே இருக்காதும்மா. கோதண்டம் சார் தூக்கி ஸ்டோர்ல போட்டுடுவாரு. மறுபடியும் என்னை அருவாள எடுக்கச் சொல்றியா?"

சொல்லிக்கொண்டே அப்பா கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பை அமுக்கினார். அந்த முதுகை எனக்குத் தெரியாதா? அதன் மேல் எத்தனை நாள் நடந்திருக்கிறேன். மெஷின் போனால் முதுகு போச்சு. மெஷின் ஓடினால் கால் போச்சு. என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

மைதானத்தின் நடுவில் கொடிக்கம்பத்துக்காகக் கட்டிய சிமெண்டு மேடை இருந்தது. அதற்குப் போகச் சிமெண்டு நடைபாதையும் உண்டு. நேராக நடந்து போய் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏய் பஞ்சு! அங்க இன்னா பண்ற? வெளிய வா!"

"நான் கோட்டுக்குள்ள கீறேன்பா. நீ கயித்த இழுக்கக் கூடாது."

"இன்னா வெளாட்டு இது? எழுந்திரு!"

"யாரா இருந்தாலும் சரின்னு நீதானே சொன்ன? எருமைக்கே அரை மணி நேரம் உக்காந்த இல்ல?"

"நீ எருமையா?"

"இன்னிக்கு எருமைதான்" என்றேன்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு முறைத்தார். அவருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை வெளியே விடுவது என்று தெரியாமல் மீசையைத் தடவினார்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. கிரிக்கெட் ஆட வந்த பையன்கள், கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நடைபாதை வழியாக வந்து மேடையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தர்ணா செய்யச் சொல்லித்தர வேண்டுமா? கேட் வாசலில் எத்தனை பார்த்திருக்கிறோம்!

"வேண்டும், வேண்டும்!" என்று ஒருவன் கத்தினான்.

"மட்கார்டு வேண்டும்!" என்று மற்றவர்கள் கத்தினோம்.

உத்தமனும் வந்து ஓரமாக உட்கார்ந்தான். ஆனால் அவன் கத்தவில்லை.

அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்து வாடி. உங்கப்பா பொழப்பக் கெடுத்துடாத."

"அம்மா, மட்கார்டு இல்லாம ஓட்டினா அப்பா காலு இன்னா ஆவும்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். திரும்பி அப்பாவின் காலைப் பார்த்தாள். "நவுந்து உக்காரு" என்று என்னைத் தள்ளிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீயுமா பொன்னி?" என்றார் அப்பா பரிதாபமாக.

அப்போதுதான் கோதண்டத்தின் மொபெட் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவர், மைதானத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா துலுக்கானம், புல்ல வெட்டச் சொன்னா புள்ளைங்கள நட்டு வெச்சிருக்க?"

அப்பா நடந்ததைச் சொன்னார். கோதண்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பதினோரு மணிக்கு ஜனங்க வந்துடும். இந்த மெஷினால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு நான் அப்பவே சொன்னேன். கொண்டுபோய் ஸ்டோர்ல போடு. ஆளுங்களக் கூப்புடு, அருவாள எடு."

அப்பா தோளிலிருந்து வாரைக் கழற்றினார். மெஷினை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அதன் மேல் ஒட்டியிருந்த சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். காலைக் காப்பாற்றப் போய் நானே மெஷினை அனுப்பிவிட்டேனே!

"சார்!" என்று எழுந்து நின்றேன். "மெஷின் மேல தப்பு இல்ல சார். எங்கப்பா மேலயும் இல்ல. மட்கார்டுல பொரி குடுத்தது நான்தான் சார்."

"மட்கார்டுல பொரியா?" என்றார் கோதண்டம். அவருக்குப் புரையேறிவிட்டது.

அப்போது யாரோ என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். உத்தமன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"பஞ்சு," என்றான் காதோடு, "நாய் இல்ல. நான்தான்."

"நீ இன்னா பண்ண?"

"சுண்டல ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தின்னேன். அப்புறம் இன்னொண்ணு. பால்வாடிப் படியில உக்காந்து தின்னுட்டே இருந்தேனா... பாத்தா தட்டுல ஒண்ணுமே இல்ல. வெறுந்தட்ட எப்படிக் குடுக்கிறது? அம்மா அடிப்பாங்கன்னு பால்வாடி சன்னல் வழியா உள்ள தள்ளிட்டேன்."

இந்தத் தடவை அவன் டிராயரை இழுத்து விட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அத்தனை பேர் முன்னாலும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். ஆனால் அவன் மூக்கு நுனி சிவந்து, உதடு நடுங்கியது. நான் மட்டும் பெரிய ஒழுங்கா? மட்கார்டைத் தட்டு என்று நினைத்தவள்தானே!

"சார்!" என்று கத்தினேன். "உத்தமன் கண்டுபுடிச்சுட்டான் சார்! அஞ்சே நிமிஷம் குடுங்க!"

நானும் உத்தமனும் பால்வாடிக்குள் பாய்ந்தோம். அங்கே சுசீலா டீச்சர் பாய் விரித்து, மாவிலை கட்டி, எல்லாம் தயாராக வைத்திருந்தார். பாயின் நடுவில் எங்கள் மட்கார்டு! அதில் பச்சரிசி பரப்பி, ஓரத்தில் மஞ்சள் கிழங்கும் பூவும் வைத்திருந்தது. வாண்டுகள் விரலால் 'அ' எழுதப் போகும் அரிசி.

"யாரோ புண்ணியவான் பொட்டெல்லாம் வெச்சு சன்னலாண்ட வெச்சுட்டுப் போயிருக்காங்க. நல்ல தட்டு இல்ல?" என்றார் டீச்சர் சந்தோஷமாக.

"டீச்சர், அது தட்டு இல்ல. எங்கப்பாவோட காலு!"

டீச்சர் பயந்து இரண்டடி பின்னால் போனார். விளக்கிச் சொல்ல நேரமில்லை. எங்கள் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த அம்மா வீட்டுக்கு ஓடி, எங்கள் வீட்டிலேயே பெரிய தட்டை எடுத்து வந்துவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு வந்த சீர்த்தட்டு, ஓரத்தில் அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். ஒரு மணிகூடச் சிந்தாமல் அரிசியை அதற்கு மாற்றினோம்.

மட்கார்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, மேடையில் ஒரே விசில் சத்தம்.

அப்பா அதைத் துணியால் துடைத்தார். மெஷின் ஓடாமல் இருந்தபோதும், தப்பித் தவறியும் அது கிளம்பிவிடாதபடி முதலில் என்ஜினின் ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் நரம்புப் பக்கம் கை வைத்தார். அவர் எப்போதும் அப்படித்தான். நாலு ஓட்டையிலும் நாலு நட்டு இறுகியது. அப்புறம் தொப்பியை மாட்டினார், கண்ணாடியை இறக்கினார்.

நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றோம். அப்பா கயிற்றைப் பிடித்தார். இழுக்கவில்லை.

"இன்னும் இன்னா?" என்றார் கோதண்டம்.

"சார், நீங்களும் கோட்டுக்கு அந்தாண்ட போவணும்."

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். கோதண்டம் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மெஷின் உறுமியது. அப்பா நிமிர்ந்து நின்று, இடமும் வலமுமாக வீசி வீசி நடந்தார். முட்டி உயரப் புல் சரசரவென்று சாய்ந்தது. பச்சை வாசனை காற்றில் வந்தது. அரை மணியில் முக்கால் மைதானம் முடிந்துவிட்டது. கோதண்டம் கடிகாரத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், மோவாயைச் சொறிந்தார்.

அப்போதுதான், 'டங்!'

மெஷினின் உறுமலையும் மீறி அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அப்பா என்ஜினை நிறுத்தினார். நரம்பு நிற்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு குனிந்து பார்த்தார். சில்வர் பெயிண்டில், குங்குமப் பொட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் பெரிய பள்ளம். கூடை கூடையாகப் பொறுக்கியும் மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு கருங்கல் ஜல்லி தப்பித்திருந்தது.

சத்தம் நின்றதும் கோதண்டம் போய் அந்த ஜல்லியை எடுத்தார். கல்லைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். அதற்கு நேர் பின்னால் இருந்த அப்பாவின் காலைப் பார்த்தார். கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"மெஷின் இங்கயே இருக்கட்டும் துலுக்கானம். ஆனா ஒண்ணு. இனிமே மட்கார்டு இல்லாம ஓட்டறேன்னு சொன்னே, உன்னத் தூக்கி ஸ்டோர்ல போட்டுடுவேன்."

அப்பா தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் ஓடினேன். வியர்வையும் பெட்ரோல் வாசனையுமாக என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"என் தங்கமே! நீ மட்டும் உக்காரலேன்னா..." என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. கண்ணைத்தான் துடைக்க வேண்டியிருந்தது.

பதினொரு மணிக்கு வாண்டுகள் எல்லாம் வெட்டிய புல்லின் மேல் குதித்துக்கொண்டு பால்வாடிக்குள் போனார்கள். அம்மாவின் தட்டில் 'அ' எழுதினார்கள். மத்தியானம் அந்தத் தட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது, நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு.

சாயங்காலம் உத்தமன் ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். ஜெகதாம்பாள் அத்தை மறுபடியும் செய்த சுண்டல்.

"எண்ணிப் பாத்துக்கோ. ஒண்ணுகூட எடுக்கல" என்றான். டிராயரை இழுத்து விட்டுக்கொள்ளவில்லை. நான் கிண்ணத்தை வாங்கி, முதல் பிடியை அவன் கையில் வைத்தேன்.

அப்பா அன்று தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு வலி இல்லை. மட்கார்டை மடியில் வைத்து, ஆணியும் சுத்தியலுமாக 'டிக் டிக்' என்று என்னவோ தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, பாத்திரக் கடைக்காரன் மாதிரி உக்காந்து பேரு வெட்டிகினு கீற?" என்று கேட்டாள் அம்மா.

"எது யாருதுன்னு தெரிய வேணாமா?" என்றார் அப்பா.

நான் போய் எட்டிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக, கொஞ்சம் கோணலாக, பெரிய எழுத்தில் இருந்தது: 'இது தட்டு இல்லை.'

அதற்குக் கீழே சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவது மாதிரியே அழகாக ஒரு பெயர் இருந்தது: 'து. பஞ்சவர்ணம்.'